பூண்டு தீர்ந்த வீடு

வீரமுத்து கிணற்றடியில் நாலு தடவை சவுக்காரம் போட்டுக் குளித்துவிட்டு, ஈரத் துண்டும் சொட்டுகிற தலையுமாக தோட்டத்து லயத்தில் தன் வீட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தபோது, வழக்கம்போலப் பூண்டு வாசனை அடித்தது. பிள்ளை பெற்ற வீட்டில் பூண்டு மணக்காமல் வேறென்ன மணக்கும்? ஒன்பது நாளாக இதே மணம்தான். சுட்ட பூண்டு, பூண்டுக் குழம்பு, பூண்டும் மிளகும் தட்டிப் போட்ட ரசம். மீனம்மாவுக்குப் பால் ஊற வேண்டும் என்று மருத்துவச்சி பெத்தம்மாள் வேளைக்கு வேளை பூண்டாகவே ஆக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். அதனால் அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தலையைத் துவட்டிக்கொண்டே, "சாப்ட்டியா புள்ள?" என்று கேட்டான்.

"கஞ்சிதான் குடிச்சேன்," என்றாள் மீனம்மா. பாயில் சுவரோரமாகச் சாய்ந்து, பிள்ளையை மார்போடு போட்டுச் சேலையால் மூடியிருந்தாள். "பூண்டு நேத்தோட தீந்துபோச்சு. லூபோக் சீனாக் கடைத்தெருப் பக்கம் யாராச்சும் போனா வாங்கியாரச் சொல்லுங்க."

தலையைத் துவட்டிய கை அப்படியே நின்றது.

"தீந்துபோச்சா?"

"ஒரு பல்லுகூட இல்ல. ஏன், பசிக்குதா?"

மூச்சை மெல்ல இழுத்துப் பார்த்தான். இருக்கிறது. ஓலைக் கூரையின் ஈர நெடி, அனல் சட்டியில் அவிந்துகொண்டிருந்த கரி, பிள்ளைக்குக் காட்டிய சாம்பிராணி, பால் கட்டிய சேலை, தேங்காய் எண்ணெய், இத்தனைக்கும் அடியில், வெயிலில் உரித்துப் போட்ட பூண்டைப்போல, ஆனால் அதைவிடக் கொஞ்சம் இனிப்பாக, கொஞ்சம் கெட்டுப்போனதாக, அந்த வாசனை அசையாமல் இருந்தது.

அந்த வாசனைக்கு இன்னொரு பிறந்த வீடு உண்டு. அது அவனுக்குத் தெரியும். தெரிந்திருப்பதுதான் கஷ்டம்.

மலாக்காப் பக்கத்துச் செம்மேட்டு ரப்பர் தோட்டத்தின் மேற்குக் கோடியில், மண் வெட்டி எடுத்துவிட்டுப் பாழாய்ப் போட்ட பள்ளம் ஒன்று இருந்தது. சீமையில் பெரிய சண்டை நடந்தபோது எதிராளியைக் காற்றாலேயே கொல்வதற்கென்று காய்ச்சிய விஷம், சண்டை ஓய்ந்து ஐந்து வருஷம் ஆகியும் தீராமல், தங்கா பத்துக் கடலோரத்தில் ஒரு கொட்டகைக்குள் பீப்பாய் பீப்பாயாகக் கிடந்ததாம். உப்புக் காற்றில் இரும்பு துருப்பிடித்துக் கசியத் தொடங்கியதும், அதை அழித்துவிடும்படி உத்தரவு வந்து, மாட்டு வண்டிகளில் ஏற்றி இங்கே கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். சண்டை போட்டவன் எவனோ, ஜெயித்தவன் எவனோ, மிச்சத்தை அள்ளிக் கொட்ட மட்டும் நம் ஆள்! பால் வெட்டுகிறவர்களில் திடகாத்திரமாக இருந்த ஆறு பேரைப் பிரித்து அங்கே அனுப்பினார்கள். அதில் வீரமுத்து ஒருவன். சுண்ணாம்புத் தூளைக் கொட்டிக் கிளறுவது, கொளுத்துவது, கறைபட்ட மண்ணை வெட்டி வேறு குழியில் புதைப்பது, இதுதான் வேலை. பட்டாளத்துத் துரை ஒருவர் தூரத்தில் நிற்பார். பஞ்சாபி ஹவில்தார் ஒருவர் பக்கத்தில் நின்று கத்துவார். அவர் கத்துவதைத் கணக்கு எழுதும் தோட்டத்துக் கிராணி தங்கையா தமிழில் பாதியும் தன் இஷ்டத்துக்குப் பாதியுமாகச் சொல்வார்.

முதல் பீப்பாயைத் திறந்த அன்று, அந்த மணத்தை மோந்ததும், கூட வேலை செய்த சின்னத்தம்பிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என்ன மச்சான், தொரமாரு நமக்கு ரசம் வச்சிருக்காங்களா?" என்றான். ஆறு பேரும் சிரித்தார்கள். ஹவில்தார் சிரிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் சின்னத்தம்பியின் முழங்கைக்குக் கீழே ஒரு சொட்டுத் தெறித்தது. விளக்கெண்ணெய்மாதிரி ஒரே ஒரு சொட்டு. வலியில்லை, எரிச்சலில்லை. துணியால் துடைத்துவிட்டுச் சோறு சாப்பிட்டான், வெற்றிலை போட்டான், வீட்டுக்குப் போய்ப் படுத்து நன்றாகத் தூங்கினான். விளக்கு வைக்கிற நேரத்தில் அவன் போட்ட கூச்சலில் லயமே எழுந்து ஓடியது. கை முழுக்கத் தோல் எழும்பி, உள்ளே மஞ்சளாய் நீர் கோத்துத் தொங்கியது. அலோர் காஜா ஆஸ்பத்திரியில் பதினைந்து நாள் கிடந்து, கட்டோடு வந்தவன் சொன்ன ஒரு வார்த்தை வீரமுத்துவின் நெஞ்சில் அப்படியே தங்கிவிட்டது.

"அதுக்கு அவசரமே கெடையாது மச்சான். காலையில தொட்டுட்டுப் போயிடும். சாயங்காலம் ஆற அமர வந்து கூப்புடும்."

அன்றிலிருந்து அவன் பள்ளத்திலேயே வேலைத் துணியைக் கழற்றிப் போட்டுவிட்டு, வேறு வேட்டி கட்டிக்கொண்டுதான் வருவான். வந்ததும் கிணறு. குளித்த பிறகும் பிள்ளையைத் தூக்க மாட்டான். ஒன்பது நாளில் ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. பொட்டைப் பிள்ளை என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான் என லயத்தில் பேசினார்கள். பேசட்டும் என்று இருந்துவிட்டான். மீனம்மாவுக்கு முதலில் பிறந்தது ஏழாம் நாள் போனது. இரண்டாவது பதிமூன்றாம் நாள் வலிப்பு வந்து போனது. இது மூன்றாவது. இதுவாவது தங்க வேண்டும். அவனுக்கு வேறெந்த வேண்டுதலும் கிடையாது.

இப்போது அந்த வாசனை அவனுக்கு முன்னாலேயே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

எப்படி வந்தது? துண்டை மோந்தான். வேட்டியை மோந்தான். உள்ளங்கை, நகக்கண், அக்குள் எல்லாம் மோந்தான். சவுக்காரம்தான் மணத்தது. கொடியில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மூக்கில் வைத்தான். குனிந்து மண் தரையை மோந்தான். அடுப்படிப் பானைகளைத் திறந்து திறந்து மூடினான்.

மீனம்மா சிரித்துவிட்டாள். "என்னத்தங்க நாய்மாதிரி மோந்துட்டு அலையறீங்க?"

"ஒனக்கு ஒண்ணும் அடிக்கலையா?"

"எனக்கு ஒம்போது நாளா பூண்டுதான் அடிக்குது. இனிமே சொர்க்கத்துக்குப் போனாலும் பூண்டுதான் அடிக்கும்."

அவனுக்கும் சிரிக்கத்தான் ஆசை. முடியவில்லை. மறுபடியும் கிணற்றுக்குப் போனான். வாளி வாளியாக இறைத்துத் தலையில் ஊற்றிக்கொண்டான். கிணற்றடியில் அந்த வாசனை இல்லை. தன்னிடமிருந்துதான் வருகிறதென்றால் இங்கேயும் வர வேண்டும் அல்லவா? இங்கே ஈரப் பாசியும், ரப்பர் இலை அழுகிய நெடியும்தான். மூன்று நாளாக விடாத மழை மத்தியானம்தான் விட்டிருந்தது. மரங்களிலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. நாலரை மணி இருக்கும். மேகத்துக்குப் பின்னால் வெயில் எங்கோ ஒளிந்துகொண்டு, எல்லாவற்றையும் சாம்பல் பூசினாற்போல் வைத்திருந்தது.

திரும்பி வந்து வாசற்படியில் நின்றான். உள்ளே வாசனை முன்னைவிடக் கனமாக இருந்தது. சந்தேகமே இல்லை. சூட்டில் அது எழும்பும் என்று ஹவில்தார் சொல்லியிருக்கிறார். பாயோரத்தில் அனல் சட்டி கண்சிமிட்டிக்கொண்டிருந்தது. சட்டென்று அதைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் ஈரத் தரையில் கவிழ்த்தான்.

"ஐயோ, புள்ளைக்குக் குளிரும்லா!" என்று மீனம்மா கத்தினாள்.

"குளிரட்டும்."

"என்ன ஆச்சு ஒங்களுக்கு இன்னிக்கி?"

கத்தியும் பிள்ளை அசையவில்லை. அது அவனுக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஒன்பது நாளாக இந்த நேரத்தில் லயத்தையே இரண்டாக்குகிற பிள்ளை. "புள்ள ஏன் அழல?" என்று கேட்டான்.

"மத்தியானத்துலேருந்து அழவே இல்ல, தங்கம். நல்லாத் தூங்குறா. இனிமே ஒரு கொறையும் வராதுன்னு பெத்தம்மாக்கா சொல்லிட்டாங்க." சொல்லிவிட்டு, சொல்லக்கூடாததைச் சொன்னவள்போல உதட்டை மடித்துக்கொண்டாள்.

வீரமுத்து அதைக் கவனித்தான். ஆனால் கேட்கவில்லை. அவன் மூக்கு வேறெங்கோ இழுத்துக்கொண்டு போனது. காற்று பின்பக்கத்துக் கதவிடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது. அந்தக் கதவைத் திறந்தான்.

எதிரே, இருபது அடி தள்ளி, லயத்துக் குப்பைமேடு.

நேற்று சாயங்காலம் அந்த மேட்டில் இரண்டு வண்டி மண்ணைக் கொட்டியவனே அவன்தான். மழையில் புதைக்கிற குழி நிரம்பிவிட்டது. இன்னொரு குழி சதுப்புக்காட்டுக்குள் ஒன்றரை மைல் தள்ளி. வண்டிச் சக்கரம் அச்சுவரை சேற்றில் புதைந்து நகர மறுத்தது. துரை காய்ச்சலில் மலாக்காவுக்குப் போய்விட்டார், ஹவில்தாரும் கூடவே போயிருந்தார். "சுண்ணாம்பு போட்டுக் கிளறியாச்சில்ல? அதோட செத்துப்போச்சு. குப்பமேட்டுல கொட்டி மேல சாம்பலப் போடு. மழ விட்டதும் அள்ளிக்கலாம்," என்றார் கிராணி. வீரமுத்து கொட்டினான். வேலை வாங்குகிற தண்டலிடம் மட்டும் ஒரு வார்த்தை சொன்னான். வீட்டில் சொல்லவில்லை. பச்சை உடம்புக்காரி, வாசலைக்கூடத் தாண்டாதவள், அவளிடம் போய் எதற்கு என்று விட்டுவிட்டான். குப்பைமேட்டுக்கு யார் போகப் போகிறார்கள்? சாம்பல் கொட்டுகிறவர்கள் தூர நின்று வீசிவிட்டுப் போவார்கள்.

அப்படித்தான் நினைத்தான்.

கிட்டே போனான். மழை மேல் சாம்பலைக் கழுவிவிட்டிருந்தது. வெள்ளையும் செம்மண்ணுமாகக் கட்டிகள் தெரிந்தன. சில கட்டிகளை உடைத்தால் உள்ளே சுண்ணாம்பே படாமல் கருத்துப் பளபளத்தது. அதிலிருந்துதான் வந்தது வாசனை. அந்த மண்ணின்மேல், ஒரு வெற்றிலை. வெற்றிலையில் மஞ்சள் தடவிய நூல். சுற்றிலும் ஒரு கைப்பிடித் தவிடு, ஈரத்தில் ஊறிப்போய்.

அதைப் பார்த்தவுடனே புரிந்துவிட்டது. புரியவில்லை என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு, அவன் ஒரு நிமிஷம் அங்கேயே நின்றான்.

பிள்ளை தங்காத வீட்டில் செய்வதுதான். புதிதாகப் பிறந்ததைக் கொண்டுபோய்க் குப்பையில் போட்டுப் புரட்டுவார்கள். இது யாருக்கும் வேண்டாத பிள்ளை, குப்பையில் கிடந்தது என்று எமனுக்குக் கணக்குக் காட்டுவார்கள். பிறகு வேறொருத்தி வந்து கண்டெடுப்பாள். அவளிடமிருந்து இன்னொருத்தி ஒரு பிடி தவிடு கொடுத்து வாங்குவாள். அவளிடமிருந்து இன்னொருத்தி. இப்படி நாலு மடி மாறி, கடைசியில் பெற்றவளே தவிடு கொடுத்துத் தன் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். தேடி வருகிறவன் வழி தெரியாமல் திரும்பிப் போய்விடுவானாம். குப்பம்மா என்றோ குப்பாயி என்றோ பெயர் வைத்தால் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்க மாட்டானாம். பெற்ற தகப்பன் கண்ணில் மட்டும் இது படக்கூடாது.

வீட்டுக்குள் ஓடினான்.

"எப்ப செஞ்சீங்க?"

அவன் குரலைக் கேட்டு மீனம்மா மிரண்டுபோனாள். "என்னது?"

"குப்பையில போட்டீங்களே, எப்ப?"

"ஒங்களுக்கு யாரு சொன்னா? பெத்தவரு பாக்கக்கூடாதுன்னாங்க…" அவள் கண் கலங்கிவிட்டது. "கோவிச்சுக்காதீங்க. ரெண்டக் குடுத்துட்டேன். இதையும் குடுக்க எனக்குத் தெம்பில்ல. உச்சி வேளையில செய்யணும்னு சொன்னாங்க. மழ விட்ட நேரமாப் பாத்துச் செஞ்சோம்."

உச்சி வேளை. இப்போது ஐந்து மணி.

"யாரு யாரு தூக்குனா?"

"பெத்தம்மாக்காதான் போட்டுப் பொரட்டி எடுத்தாங்க. அப்பறம் வேலாயி. வேலாயிகிட்டேருந்து மங்களம். மங்களத்துக்கிட்டேருந்து பக்கத்து வீட்டுச் சுப்பம்மா. சுப்பம்மாகிட்ட நான் வாங்குனேன். அப்பறம் எண்ண தேச்சு ஊத்துனாங்க." அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "ஏன்? என்ன ஆச்சு? சொல்லுங்க."

எண்ணெய். சொட்டுப் பட்ட இடத்தில் எண்ணெயே தடவாதே, எண்ணெய் அதைச் சேர்த்து இழுத்துக்கொண்டு உடம்பெல்லாம் பரப்பும் என்று ஹவில்தார் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறார். அந்தப் பிள்ளையின் உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால்வரை பெத்தம்மாள் நீவி நீவித் தேய்த்திருக்கிறாள்.

பேச்சுச் சத்தம் கேட்டுப் பெத்தம்மாளே வந்துவிட்டாள். வீரமுத்து தடுமாறித் தடுமாறிச் சொன்னான். மண்ணைப் பற்றி, பீப்பாயைப் பற்றி, சின்னத்தம்பியின் கையைப் பற்றி. மீனம்மாவின் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. பெத்தம்மாள் மட்டும் இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"அடப் போப்பா! நாப்பது புள்ளைக்கு நான் செஞ்சிருக்கேன் இது. எங்க, எடு பாக்கலாம், புள்ள மேல ஒரு பொட்டு இருந்தா காட்டு."

சேலையை விலக்கிப் பார்த்தார்கள். பிள்ளை மழமழவென்று, மாசு மறுவில்லாமல், எண்ணெய் மினுக்கோடு தூங்கிக்கொண்டிருந்தது. சிவப்புகூட இல்லை. பெத்தம்மாள் தன் இரண்டு கையையும் நீட்டித் திருப்பித் திருப்பிக் காட்டினாள். சுருங்கிய, காய்த்துப்போன, சுத்தமான கைகள்.

"காய்ச்சுன தண்ணி கொண்டாக்கா," என்றான் வீரமுத்து. "ஊத்து. நல்லா ஊத்து. நீயும் கழுவு. எல்லாரையும் கழுவச் சொல்லு. அந்தச் சேலையெல்லாம் அவுத்து வெளிய போடச் சொல்லு."

அவள் முணுமுணுத்துக்கொண்டேதான் செய்தாள். பிள்ளைக்கு இரண்டு தடவை, சீயக்காய் போட்டு, நிறையத் தண்ணீர் ஊற்றினாள். பிள்ளை லேசாகச் சிணுங்கியது. கண்ணைத் திறக்கவில்லை. மீனம்மாவும் ஊற்றிக்கொண்டு வேறு சேலை கட்டினாள். குளிரில் பிள்ளைக்கு உடம்பு வெடவெடத்தது. அனல் சட்டியும் இல்லை. மேல்துணி போடாமல் மார்போடு மார்பாக அணைத்துச் சேலையால் சுற்றிக்கொண்டாள். "என் சூடு போதும் அதுக்கு," என்றாள்.

வீரமுத்து மூச்சை இழுத்துப் பார்த்தான்.

வாசனை இல்லை.

மறுபடி இழுத்தான். அறவே இல்லை. கூரை நெடி, சீயக்காய், ஈரத் துணி, அவ்வளவுதான். அப்படியே தரையில் உட்கார்ந்தான். போய்விட்டது. கழுவியதில் போய்விட்டது. கிராணி சொன்னது சரிதான், சுண்ணாம்பு அதைக் கொன்றிருக்கும். முத்தாலம்மா, ஒனக்கு ஒரு சேவல் அறுக்கிறேன் தாயே! அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மீனம்மாவும் அவனைப் பார்த்துச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பின் நடுவில்தான் ஹவில்தாரின் குரல் ஞாபகம் வந்தது. முதல் நாள் எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்துச் சொன்னது. கிராணிகூட அதை மட்டும் ஒழுங்காகத் தமிழில் சொன்னார். வாசனை வந்தால் பயப்படு, ஓடு. வந்த வாசனை நின்றுபோனால் சந்தோஷப்படாதே. அது போகவில்லை. உன் மூக்குத்தான் செத்துப்போயிருக்கும்.

இன்னொன்றும் சொன்னார். பட்ட ஐந்து நிமிஷத்துக்குள் கழுவினால் உண்டு. அதற்கப்புறம் கழுவுவது உன் மனசுக்காக.

வீரமுத்து எழுந்தான். "வண்டி கொண்டாறேன். அலோர் காஜாவுக்குப் போயிடலாம்," என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிராணி வீட்டுக்கு ஓடினான்.

ரப்பர் மரங்களுக்கு நடுவே முக்கால் மைல். ஓடும்போது அவன் நாழிகையையே எண்ணிக்கொண்டு ஓடினான். சின்னத்தம்பிக்குக் காலை ஒன்பது மணி, கூச்சல் போட்டது ஆறரை. அது ஒரு சொட்டு, ஆம்பளைத் தோல். இது ஒன்பது நாள் தோல். மரங்கள் வரிசை வரிசையாகப் பின்னால் போயின. எல்லா மரமும் ஒரே மரமாக இருந்தது. இலையிலிருந்து கழுத்தில் சொட்டிய ஒவ்வொரு துளிக்கும் உடம்பு துள்ளியது.

கிராணி தங்கையா பெஞ்சியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்தார். முகம் வெளிறியது. வெளிறியதை மறைக்கக் கோபப்பட்டார். "குப்பையில புள்ளையப் போடச் சொல்லி நானா சொன்னேன்? சுண்ணாம்பு போட்டது தானே, ஒண்ணும் ஆவாது."

"வண்டி குடுங்கய்யா."

"இருட்டப் போவுது. நாளைக்கிக் காலையில…"

"வண்டி குடுங்கய்யா!"

அந்தத் தோட்டத்தில் கிராணியிடம் யாரும் அப்படிக் கத்தியதில்லை. அவர் எழுந்து உள்ளே போய் மாட்டுக்காரனைக் கூப்பிட்டார். திரும்பி வரும்போது மெல்லிய குரலில், "தொரைக்குத் தெரிய வேணாம்ப்பா," என்றார். அவரை அந்த இடத்திலேயே அறைந்திருக்க வேண்டும். வீரமுத்துவுக்கு நேரமில்லை.

வண்டிக்காரன் மாட்டைப் பூட்டுவதற்குள் அவன் முன்னால் ஓடி வந்துவிட்டான். லயத்தை எட்டியபோது விளக்கு வைத்திருந்தார்கள். பத்து வீடும் ஒரே கூரை. நடுச்சுவர் கூரைவரை போகாது. ஒரு வீட்டில் தும்மினால் கடைசி வீட்டில் ஆயுசு சொல்வார்கள். வழக்கமாக இந்த நேரத்தில் லயம் சந்தைக்கடைதான். இன்று சத்தமே இல்லை. எல்லா வீட்டிலும் ஆளிருந்தும் யாரும் பேசவில்லை. காது கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கோடி வீட்டில் பெத்தம்மாள் முனகிக்கொண்டிருந்தாள்.

அவன் வாசலில் நின்றான். முனகல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. "கையி… எங் கையி… யாராச்சும் தண்ணி ஊத்துங்கடி…" வாளி உருண்டது. பிறகு அது சொல்லாக இல்லாமல் வெறும் கத்தலாக மாறியது.

யாரோ ஓடினார்கள். யாரோ விளக்கைக் கேட்டார்கள்.

அந்தக் கத்தல் அடங்குவதற்குள் இரண்டு வீடு தள்ளி வேலாயி. அவளுக்குப் பதினெட்டு வயது. "அம்மா" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். பிறகு விடாமல்.

வீரமுத்துவுக்கு வரிசை தெரியும். மத்தியானம் பிள்ளை வந்த வழி அது. மடிமடியாக, வாசல் வாசலாக, அதே வழியில், அதே அவசரமில்லாத நடையில், அது வந்துகொண்டிருந்தது.

மங்களம்.

அவள் புருஷன் ஏதோ அதட்டினான். பிறகு அவனும் சேர்ந்து அலறினான். "ஐயோ, என்னடி இது, என்னடி இது!"

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. மழை தூறத் தொடங்கியது. ஒருவேளை நின்றுவிட்டதோ? ஒருவேளை மூன்றோடு போய்விட்டதோ?

சுவருக்கு அந்தப் பக்கம், சுப்பம்மா.

வீரமுத்து உள்ளே பாய்ந்தான்.

மீனம்மா பாயில் அப்படியே சுவரில் சாய்ந்திருந்தாள். கண்ணை மூடியிருந்தாள். கன்னத்தில் நீர் வழிந்துகொண்டிருந்தது. ஆனால் அவள் அழவில்லை. சேலைக்குள் பிள்ளையின் முதுகை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன். வண்டி வருது. எந்திரி."

"கண்ணு எரியுதுங்க. மணலக் கொட்டுனாப்புல இருக்கு. தெறக்க வர்ல." சொல்லிவிட்டு மூச்சு வாங்கினாள். "அவங்கல்லாம் கத்துறாங்களே. எனக்கும் நெஞ்செல்லாம் எரியுது. கத்துனா புள்ள முழிச்சிக்கும்னு இருக்கேன்."

வண்டிச் சத்தம் கேட்டது. மாட்டின் கழுத்து மணி.

"புள்ளையக் குடு. ஒன்னையும் தூக்கி ஏத்தறேன்."

"நீங்களா தூக்கப் போறீங்க?" மூடிய கண்ணோடு அவள் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சியை அவனால் பார்க்க முடியவில்லை. "தலையத் தாங்கிப் புடிங்க. கழுத்து நிக்காது."

விளக்கை எடுத்துப் பக்கத்தில் வைத்தான். முழங்காலிட்டான். சேலையை விலக்கினான்.

ஒன்பது நாளாகத் தொடாத கை. அதைப் பிள்ளையின் அடியில் கொடுத்தான். கொதித்தது. இமை இரண்டும் பணியாரமாக உப்பிக் கண்ணே இல்லாமல் போயிருந்தது. உதடு மட்டும் காற்றைச் சப்பிக்கொண்டிருந்தது. உயிர் இருந்தது. தூக்கினான். கன்னம் உடனே பிரியவில்லை. மெல்ல, மெல்லப் பிரிந்தது. தூக்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான்.

பிறகு பார்த்தான்.

மீனம்மாவின் மார்பில், கழுத்தெலும்பிலிருந்து விலாவரை, இன்னொரு பிள்ளை படுத்திருந்தது. சிவப்பாக, தோலில் பதிந்து. ஒரு கன்னம். மடிப்போடு ஒரு காது. முடக்கிய முழங்கால். ஐந்து விரலும் விரித்து ஊன்றிய ஒரு சின்னக் கை. விளக்கு வெளிச்சத்தில் அதன் ஓரங்களில் தோல் எழும்பத் தொடங்கியிருந்தது.

மீனம்மா கண்ணைத் திறக்காமலே அந்தச் சிவப்பின் முதுகைத் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் பாத்துட்டே நிக்கிறீங்க?" என்றாள். "தூக்குங்க. இன்னும் எம்மேலதான கெடக்கா."